தெபோரா அக்கா கேட்க வந்தது

வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் செய்தி பஸ்ஸில் வந்தது. அனுப்பியவள் தெபோரா, கொண்டுவந்தவன் கண்டக்டர், கேட்டவர்கள் பெஸியோ தீவின் ரோட்டோரத்தில் அந்த நேரத்தில் காது உள்ள அத்தனை பேரும். பஸ் நிற்கவில்லை, கொஞ்சம் வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். கண்டக்டர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, "இயோபி, உங்க அக்கா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வராளாம், உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்று கத்திவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான்.

இயோபி வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டுக்கொண்டிருந்த முடிச்சு பாதியில் நின்றது. 'பார்க்கணுமாம்' என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. 'பேசணுமாம்' என்றால்கூட ஏதோ குடும்பத் தகராறு, தலையை ஆட்டிவிட்டுப் போகலாம். 'கேக்கணுமாம்' என்றல்லவா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சொந்தக்காரர் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அதற்குப் புபுசி என்று பெயர். மீறினால் ஜெயில் கிடையாது, அபராதம் கிடையாது. அதனால்தான் யாரும் மீறுவதில்லை. ஜெயிலுக்குப் போனவன் ஒருநாள் வெளியே வருவான். 'இல்லைன்னு சொன்னவன்' என்று பெயர் வாங்கியவன் செத்த பிறகும் அவன் பேரப்பிள்ளைகளைக் காட்டி, "அந்த இல்லைக்காரன் குடும்பம்" என்பார்கள். அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசியும், விளக்கு இல்லாத வீட்டுக்கு விளக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. இயோபிக்குத் தெரிந்து பெஸியோவில் யாரும் பட்டினியில் செத்ததில்லை, யாரும் பணக்காரனாக ஆனதும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அவனே அதற்கு சாட்சி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷம் தக்காளி பறித்துவிட்டு வந்து இறங்கியபோது அவனிடம் பன்னிரண்டு சட்டை, இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு செல்போன், ஒரு பாட்டுப்பெட்டி இருந்தன. எட்டாவது நாள் மைத்துனன் ஒருவனுடைய பழைய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். அதுவும் அவன் போய்க் கேட்டு வாங்கியது. தப்பித்தது பதினைந்து குதிரைத்திறன் போட் மோட்டார் ஒன்றுதான். அதற்கும் அவன் சாமர்த்தியம் காரணமில்லை. மோட்டார் அந்த எட்டு நாளும் துறைமுகக் கொட்டகையில் ஏதோ ஒரு முத்திரைக்காகக் காத்துக் கிடந்தது.

இன்றைக்கு அந்த மோட்டார்தான் அவன் சோறு. படகு பக்கத்து வீட்டு நவெயாவுடையது, மோட்டார் இவனுடையது, வருகிற மீனில் ஆளுக்குப் பாதி.

"மோட்டாரைத்தான் கேக்க வரா" என்றான் மனைவியிடம்.

அரெசித்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவகிட்ட போட் இருக்கா?"

"போட் வெச்சிருக்கற எவனாவது தூண்டிவிட்டிருப்பான்."

"ரூயியக் கேக்க வரா."

இயோபி சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு ஊர்க்கூடத்துல அத்தனை பேரும் ஆட்டம் பாத்துக்கிட்டிருந்தாங்க. உங்க அக்கா ரூயி காலையே பாத்துக்கிட்டிருந்தா, செருப்புக்கு அளவு எடுக்கறவ மாதிரி. அடுத்த வாரம் தொப்பி பின்னி அனுப்புனா. மோட்டாருக்கு யாராவது தொப்பி பின்னுவாங்களாய்யா?"

ரூயி கடைசிப் பெண், ஐந்து வயது. மூத்தவர்கள் இரண்டு பையன்கள், வீட்டில் இருந்ததைவிட வாலிபால் வலைக்குப் பக்கத்தில் இருந்த நேரம் அதிகம். தெபோராவுக்குப் பிள்ளை கிடையாது. கப்பலில் சமையல்காரராக இருந்த புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டின் அந்தக் கோடியில், போன்ரிகியில், விமானம் இறங்கும் சத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள்.

பிள்ளையைக் கேட்பதில் தப்பொன்றும் இல்லை. பிள்ளையில்லாத அக்காவுக்குத் தம்பி கொடுக்கிறான், பிள்ளைக்கு அம்மா இரண்டாகிறது, வீடு இரண்டாகிறது, யாருக்கு நஷ்டம்? இயோபியே அப்படிக் கொடுக்கப்பட்டவன்தான். அவனுடைய ஆறாவது வயதில் அம்மாவின் சித்தி மகள் லாரியில் வந்து கேட்டாள், கொடுத்தார்கள். ராஜா மாதிரி வளர்ந்தான். முதல் மீன்துண்டு அவனுக்குத்தான். ஆனாலும் இன்றைக்கு வரை எங்காவது லாரி கிளம்புகிற சத்தம் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று விருட்டென்று எழுந்து நிற்கும். லாரிக்குப் பின்னால் அக்கா ஓடிவந்தது ஞாபகம் இருந்தது. பாலம் வரைக்கும் ஓடிவந்தாள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ராஜா மாதிரி வளர்ந்தவன் குறை சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான்.

அதனால் மோட்டார் என்று நம்பினால்தான் அவனுக்கு வசதி. மோட்டார் என்றால் ஏதாவது செய்யலாம். ஒளிக்கலாம்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடலுக்குப் போனான், தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான், திரும்பி வந்தான். தண்ணீர் பிடிக்கப் போனவன் காலி வாளியோடு வந்து நின்றான். சனிக்கிழமை விடிந்ததும் மோட்டாரைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு நவெயா வீட்டுக்குப் போனான்.

நவெயா தென்னை உச்சியில் உட்கார்ந்து பதநீர் இறக்கிக்கொண்டிருந்தான். மேலே இருக்கும்போது எப்போதும் பாடிக்கொண்டே இருப்பான். கீழே மோட்டாரைக் கண்டதும் பாட்டு நின்றது.

"மட்டைக் குவியலுக்குள்ள வெச்சுக்கோ, ரெண்டே நாள்" என்றான் இயோபி.

"உங்க அக்கா என்கிட்டயே வந்து கேட்டா?"

"நீ அவளுக்குச் சொந்தமில்ல."

"எப்படி இல்லாமப் போச்சு? எங்கம்மா வழியில பாத்தா..."

"வழியெல்லாம் பாக்காதே. கீழ எறங்கற வழிய மட்டும் பாரு."

வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் அடுத்த யோசனை வந்தது. மோட்டார் இல்லையென்றால் அக்கா வந்த காலோடு போய்விடுவாளா? கேட்க வந்தவள், கண்ணில் பட்டதைக் கேட்பாள். சூரிய விளக்கு கண்ணில் பட்டது. அது டியூப் ஒட்டுகிற மிக்காயேரா கடைக்குப் போயிற்று. விளக்கு போனபின் மெத்தை பளிச்சென்று தெரிந்தது. பட்டப்பகலில் ஒருவன் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் போனால் வேறு ஊரில் நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே யாரும் விசாரிக்கவில்லை. பஸ் செய்தி எல்லோருக்கும் தெரியும். சிலர் வழிவிட்டார்கள், ஒருவர் "காத்து அடிக்குது, ஓரத்தைப் பிடிச்சுக்கோ" என்றார்.

மெத்தை பலகாரம் சுட்டு விற்கிற கினாய் அக்கா வீட்டுக்குப் போனது. தாழைப் பாய்கள் நவெயா வீட்டுக்கு. மெத்தைக்குப் பின்னாலேயே கினாய் அக்காவிடம் அலுமினியக் குண்டான்.

குண்டானுக்கு மட்டும் அரெசித்தா குறுக்கே நின்றாள். "வர்ற விருந்தாளிக்கு எதுல சமைக்கறது?"

"விருந்தாளியா அவ? கேக்க வர்றவ."

"அவ குடுத்த குண்டான்யா இது. நம்ம கல்யாணத்துக்கு."

"அதனாலதான் சொல்றேன். மொதல்ல அதுமேலதான் கண்ணு போகும்."

அக்கா புருஷன் கப்பல் சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்த குண்டான் அது. ஒரு பக்கக் காது உடைந்து கம்பி கட்டியிருந்தது, வயிற்றில் ஒரு நெளிவு. நெளிவு எந்தப் புயலில் விழுந்தது என்று அத்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கடல் பெயர் சொல்வார்.

சாயங்காலம் வீடு சுத்தமாகிவிட்டது. நாலு ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ஒன்றுமில்லை. ரூயிக்கு ஒரே குஷி. நடுக்கூடத்தில் கையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள். இவ்வளவு பெரிய வீடு நம்முடையது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரெசித்தா வாசல் சட்டத்தில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் ஒளிச்சாச்சு. இவளை யார் வீட்டுல வெப்ப?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பத்தரைக்கு வந்தது. தெபோரா வெள்ளைக் கோயில் உடுப்போடு இறங்கினாள், கையில் ஓலைப் பொட்டலம். இயோபி முன்னால் போய் "மௌரி அக்கா" என்று வணக்கம் சொன்னான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

உள்ளே வந்தவள் உட்காரப் போய், நின்றாள். விருந்தாளி வந்தால் பாய் விரிக்க வேண்டும். பாயே இல்லாத வீட்டுக்கு அவள் இதுவரை வந்ததில்லை. சுவரைப் பார்த்தாள். விளக்கு மாட்டுகிற ஆணி இருந்தது. மூலையைப் பார்த்தாள். மெத்தை கிடந்த இடம் மட்டும் தரை வேறு நிறத்தில் இருந்தது. அப்புறம் பவளக்கல் பொடி தூவிய வெறுந்தரையில் வெள்ளை உடுப்போடு மெதுவாக உட்கார்ந்தாள்.

"என்னடா ஆச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று மூன்று நாளில் அவனுக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. "கொஞ்சம் கஷ்டம், அக்கா" என்றான்.

"மோட்டார்?"

"போயிடுச்சு."

பொய் இல்லை. நவெயா வீட்டுக்குப் போயிருந்தது.

தெபோராவின் முகம் மாறியது. இயோபி எதிர்பார்த்தது ஏமாற்றம். வந்தது வேறு. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. முழங்கையால் துடைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்பக் கூடாதாடா? நான் அங்க தனியா உக்காந்து ரெண்டு மீனை ஒருத்தியா தின்னுக்கிட்டிருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "வர்ற வழியில வேணாம், கேக்கக்கூடாதுன்னு ரெண்டு தடவ பஸ்ஸ விட்டு எறங்கப் பாத்தேன். இங்க வந்து பாத்தா, கேக்காமப் போனாத்தான் தப்புன்னு தோணுது. ரூயிக்குட்டி, இங்க வா."

இயோபிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. மூன்று நாளாக அவன் சுமந்துபோனது எல்லாம் சாமான் இல்லை, சாக்குகள். 'இல்லை, முடியாது' என்று சொல்ல முடியாவிட்டாலும், 'இங்கே நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று சொல்ல அவனுக்கு இருந்த சாக்குகள். அத்தனையையும் தன் தலையில் வைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கேட்க வந்தவள் வேலையைப் பாதியாக்கி வைத்திருக்கிறான். அப்பா வைத்த பெயர் வேதாகமத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவருடைய பெயர். அவரிடமிருந்தாவது சாத்தான் வந்து பறித்தான். இவனிடம் சாத்தானுக்கு வேலையே இல்லை.

ரூயி அத்தை மடியில் போய் உட்கார்ந்தாள். தெபோரா அவள் தலைமுடியை ஒதுக்கி, தொண்டையைச் செருமினாள். புபுசி கேட்கும்போது எல்லோரும் அப்படித்தான் செருமுவார்கள்.

"சாப்பிடாமப் பேசக்கூடாது, அண்ணி" என்றாள் அரெசித்தா. அவள் குரலில் அவசரமே தெரியவில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வெறும் வயித்தோட வந்திருக்கீங்க. ஒரு நிமிஷம்."

அந்த வீட்டில் சமைக்க ஒரு கரண்டிகூட இல்லை என்று அவளுக்கும் தெரியும். பின்பக்கமாக இறங்கிப் போனாள். அவள் ஓடுகிற சத்தம் இயோபிக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்காமலிருக்க வேண்டுமே என்று பெரிதாக இருமினான். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினான். மூன்று வாரமாக மழை இல்லை, ஆகையால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. காற்றைப் பற்றிப் பேசினான். போன்ரிகியில் இறங்குகிற விமானத்தைப் பற்றி விசாரித்தான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"நில்லுடா ஒரு எடத்துல" என்றாள் தெபோரா.

அப்போது வாசலில் நவெயா வந்தான். ஒரு கையில் பதநீர் போத்தல், அக்குளில் இரண்டு தாழைப் பாய். "விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொன்னாங்க. நம்ம வீட்டுப் பாய், ஒக்காருங்க" என்று விரித்தான். 'நம்ம வீட்டு' என்று சொல்லும்போது இயோபியைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் அரெசித்தா சிவப்பு நூலில் பின்னியிருந்த பெயர் மேலே வந்துவிட்டது. காலால் அதை மடித்துவிட்டான்.

அவன் பின்னால் மிக்காயேரா. உச்சி வெயிலில் எரிகிற விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனிடம் அரெசித்தா "ஏதாவது எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். "சும்மா, வெளிச்சத்துக்கு" என்றான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசியில் கினாய் அக்கா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்க, சோறும் தேங்காய்ப்பாலில் வெந்த சூரை மீனும் மேலே சீமைப்பலாத் துண்டுகளுமாக ஒரு குண்டான். அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முழுக்க அதற்குள் இருந்தது. அவளுக்கு அஞ்சு பிள்ளைகள். "எங்க வீட்டுல நெறைய ஆக்கிட்டேன்" என்று நடுவில் வைத்தாள். அரெசித்தா பின்னாலேயே வந்து வாசல் சட்டத்தோரம் நின்றாள்.

தெபோரா குண்டானைப் பார்த்தாள். கம்பி கட்டிய காதைப் பார்த்தாள். கையை நீட்டி, வயிற்றிலிருந்த நெளிவை விரலால் தடவினாள். அடுத்து நவெயாவின் காலடியில் மடிந்திருந்த பாயைப் பிரித்துச் சிவப்பு நூலைப் பார்த்தாள். மிக்காயேரா எதற்கோ விளக்கை அணைத்தான்.

தெபோரா முதல் கவளத்தை ரூயிக்கு ஊட்டினாள். பிறகு தானும் சாப்பிட்டாள், நிதானமாக, இரண்டாம் தரம் வாங்கி. வந்தவர்களையும் உட்காரச் சொன்னாள், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டையே அவர்களுக்குப் பரிமாறினாள். கை கழுவிய பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் ஒளிச்சியா?"

"ஆமா, அக்கா."

"எனக்குப் பயந்தா?"

அவன் பாயின் ஓரத்தை மறுபடி மடித்தான்.

"மோட்டார் எங்க?"

"மட்டைக் குவியல்ல" என்றான் நவெயா, கேட்காமலே.

"அதை நான் கேட்டா..."

"எடுத்துக்கோ" என்றான் இயோபி, அவள் முடிப்பதற்குள். மூன்று நாளாக ஒளித்து வைத்திருந்த சொல் அது, இவ்வளவு லேசாக வெளியே வரும் என்று அவனே நினைக்கவில்லை. "மோட்டாரு, வெளக்கு, மெத்த, எல்லாம் எடுத்துக்கோக்கா. நானே பஸ்ஸுல ஏத்தி விடறேன்."

சொல்லாமல் விட்டது எது என்று அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தெபோரா மடியிலிருந்த தலையை ரொம்ப நேரம் கோதினாள்.

"உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்களே, அன்னிக்கு லாரி பின்னாடி ஓடினது நான்தானேடா" என்றாள். "பஸ்ஸுல வர்றப்ப அது எனக்கு ஞாபகமே வரல பாரு. உன் மூஞ்சியப் பாத்ததும்தான் வந்துச்சு." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலை மாற்றிக்கொண்டு தொண்டையைச் செருமினாள். அரெசித்தாவின் கை வாசல் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"நான் கேக்க வந்தது இந்தக் குண்டானை" என்றாள் தெபோரா. "போட் இல்லாதவளுக்கு மோட்டார் என்னத்துக்கு? குண்டான் உங்க அத்தான் ஞாபகமா இருக்கட்டும். குடுப்பியா?"

"குடுத்துட்டேன்" என்றான் இயோபி.

சாயங்கால பஸ்ஸுக்கு எல்லோருமே கூடப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை என்ன? தெபோரா கொண்டுவந்த ஓலைப் பொட்டலத்தில் ரூயிக்கு இன்னொரு தொப்பி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் அத்தையின் விரலைப் பிடித்து நடந்தாள். இயோபி அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். கேட்டாகிவிட்டது, கொடுத்தாகிவிட்டது, முறைப்படி எல்லாம் முடிந்தது. ஆனாலும் பஸ் தூரத்தில் தெரிந்ததும் வயிற்றுக்குள் அது எழுந்து நின்றது.

பஸ் வந்தது. தெபோரா குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் ரூயி.

பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் திரும்பினார்கள். அந்த வார்த்தைக்கு எல்லோரும் திரும்புவார்கள்.

"கேளு."

ரூயி தொண்டையைச் செருமினாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, நன்றாகவே செருமினாள். "அந்தக் குண்டானக் குடுங்க."

"இப்பத்தானேடி உங்கப்பன்கிட்ட வாங்கினேன்."

"நாளைக்கு அம்மா எதுல சோறாக்குவா?"

கண்டக்டர் மணி அடிக்க மறந்து நின்றான். ஐந்து வயதுக்காரி புபுசி கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. தெபோரா தம்பியைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குண்டானை ரூயியின் தொப்பிக்கு மேலேயே கவிழ்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் ஏறினாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்ட பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பா என்று கீழே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டினாள். "இவ ஒன்ன மாதிரி இல்லடா. இவளுக்கு வாய் இருக்கு."

இயோபி பஸ் மறையும் வரை நின்றான். ஆறு வயதில் அந்த லாரியில் ஏறியபோது அவனுக்கும் வாய் இருந்திருக்க வேண்டும். அப்போது யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

ரூயி குண்டானைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். "அப்பா, அத்தை திரும்பி வருவாங்களா?"

"வருவா. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

"அப்ப எதெல்லாம் ஒளிக்கணும்?"

அரெசித்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள், பதில் என்னவென்று தானும் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி. அதற்குள் வீடு வந்துவிட்டது. மோட்டார் இன்னும் கிடந்த மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்ட நவெயா நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "இயோபி" என்றான், "எங்கம்மா வழியில பாத்தா நாம சொந்தம்தான்னு நேத்து சொல்ல வந்தேன், நீ கேக்கல."

பிறகு மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.